எண்ணை விட ஏடு முக்கியம்: கடன் மதிப்பெண் பற்றி வடசென்னை வாசகர்களின் கேள்விகள்

வீட்டுக் கடன் குறித்துச் சென்ற இதழில் எழுதியபோது, ஒருவர் கடனைத் திருப்பிக் கட்டிய ஒழுங்கைக் காட்டும் மதிப்பெண்ணான 'சிபில் ஸ்கோர்' என்பதை ஓரிடத்தில் மட்டும் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து போனேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த மாதம் மிகுதி. அவற்றுள்ளும் பெரும்பாலானவை தண்டையார்பேட்டை, காசிமேடு, வண்ணாரப்பேட்டை, பெரம்பூர், எண்ணூர் என்று வடசென்னைப் பகுதிகளிலிருந்தே வந்திருக்கின்றன. என் வங்கிப் பணியின் பெரும்பகுதி இப்பகுதிக் கிளைகளில்தான் கழிந்தது என்பதால், அக்கடிதங்களில் வரும் தெருக்களும் தொழில்களும் எனக்குப் பழக்கமானவை. எனவே இம்முறை எல்லாப் பக்கங்களையும் இந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறேன். கடன் விவரம் ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் என்பதால் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதச் சம்பளம் ரூ.42,000. இன்றுவரை எந்தக் கடனும் வாங்கியதில்லை. திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடி வீடு வாங்க வங்கியை அணுகியபோது, என் சிபில் மதிப்பெண் 648 என்றும் கடன் தர இயலாது என்றும் சொல்லிவிட்டார்கள். 2019-இல் ஒரு வணிக வளாகத்தில் வற்புறுத்திக் கொடுத்த கிரெடிட் கார்டு ஒன்று பீரோவில் கிடக்கிறது. அதை ஒருமுறைகூடத் தேய்த்ததில்லை. கடனே வாங்காத எனக்கு மதிப்பெண் எப்படிக் குறையும்?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: பீரோவில் கிடக்கும் அந்தக் கார்டைத்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன். பல கார்டுகளுக்கு முதல் ஆண்டில் கட்டணம் இருக்காது. இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணம் ஏறத் தொடங்கும். கட்டணம் ரூ.500 என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து ரூ.590 ஆகிறது. கார்டைத் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் அந்த ரூ.590 உங்கள் பெயரில் நிற்கும் கடன்தான். அதைக் கட்டாதபோது தாமதக் கட்டணமும் வட்டியும் அதன்மேல் ஏறும். வீடு மாறியதாலோ பழைய கைபேசி எண்ணைக் கைவிட்டதாலோ பில் உங்கள் கண்ணில் படாமல் போயிருந்தால், நீங்கள் அறியாமலேயே மாதாமாதம் 'தவணை தவறியவர்' என்று ஏட்டில் பதிந்துகொண்டிருக்கும்.

அந்த ஏடு எது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நகல் எடுப்பதை நாம் ஜெராக்ஸ் என்று சொல்லிப் பழகியதைப் போல, சிபில் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர் பொதுப் பெயராகிவிட்டதுதான். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்படி ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்கள் நான்கு உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தங்கள் ஒவ்வொரு கடன்தாரரைப் பற்றியும் யார், எவ்வளவு வாங்கினார், எந்தத் தேதியில் கட்டினார் என்ற விவரத்தை இந்த நான்குக்கும் அனுப்பியாக வேண்டும். அந்த விவரங்களைத் தொகுத்தது கடன் அறிக்கை. அதிலிருந்து கணக்கிட்டு எடுப்பது 300 முதல் 900 வரையிலான மதிப்பெண். நான்கு நிறுவனங்களின் கணக்கு முறையும் வெவ்வேறு என்பதால் உங்களுக்கு நான்கு எண்கள் இருக்கலாம். அவை ஒன்றுக்கொன்று முப்பது நாற்பது வேறுபட்டாலும் கலங்க வேண்டாம். 750-க்கு மேல் இருந்தால் வங்கி அதிகாரி தயக்கமின்றிக் கோப்பைத் திறப்பார் என்பது நடைமுறை. சட்டம் அப்படி ஓர் எல்லையை வகுக்கவில்லை.

உங்கள் சம்பளமோ சேமிப்போ நகையோ இந்த எண்ணில் இடம்பெறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். மாதம் இரண்டு லட்சம் வாங்குபவர் 600-இலும், மாதம் இருபதாயிரம் வாங்குபவர் 790-இலும் இருப்பதை நான் கண்டிருக்கிறேன். சொன்ன தேதியில் கட்டினீர்களா என்ற கேள்விக்கே அதில் அதிக எடை உண்டு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நான்கு நிறுவனங்களும் ஆளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடப்பில் உள்ள விதி. அவற்றின் இணையதளங்களில் பான் எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுத்து நீங்களே பெறலாம். உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. அறிக்கை வந்ததும் முதல் பக்கத்தில் உள்ள எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். உள்ளே ஒவ்வொரு கணக்கின் கீழும் மாதவாரியாகச் சிறு கட்டங்கள் இருக்கும். 000 என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 030, 060 என்றால் அத்தனை நாள் தாமதம். உங்கள் நோய் எந்தக் கட்டத்தில் தொடங்கியது என்பதை அங்கேதான் கண்டுபிடிக்க முடியும்.

காரணம் அந்தக் கார்டுதான் என்று தெரிந்தால், கோபத்தில் உடனே பணத்தைக் கட்டிவிடாமல் கார்டு வழங்கிய வங்கியின் குறைதீர் பிரிவுக்கு முதலில் எழுதுங்கள். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, வாடிக்கையாளருக்குத் தெரிவித்துவிட்டு மூடும் நடவடிக்கையை வங்கியே தொடங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் பிறப்பித்த ஆணை சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கட்டணங்களைத் திரும்பப் பெறவும் அறிக்கையைத் திருத்தவும் கேளுங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், மன வருத்தத்தோடாவது பாக்கியைத் தீர்த்து, 'நிலுவை இல்லை' என்ற கடிதத்தை வாங்கி, கார்டை மூடக் கோருங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடும் கோரிக்கையை ஏழு வேலை நாள்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் அதற்குப் பிந்திய ஒவ்வொரு நாளுக்கும் ரூ.500 உங்களுக்குத் தர வேண்டியது அவர்கள் பொறுப்பு.

அதுவரை வேறு வங்கிகளில் மாற்றி மாற்றி வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் 'விசாரணை' என்று பதியும்; குறுகிய காலத்தில் ஐந்தாறு பதிவுகள் இருந்தால் பணத்துக்கு அலைபவர் என்ற எண்ணத்தை அவை தரும். சில மாதங்கள் பொறுப்பது வீண் போகாது. ரூ.30 லட்சத்தை 20 ஆண்டுகளுக்கு 8.5 சதவீதத்தில் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ ரூ.26,035, மதிப்பெண் குறைவென்று 9 சதவீதம் போட்டால் ரூ.26,992. இருபது ஆண்டுகளில் வேறுபாடு இரண்டேகால் லட்சத்துக்கும் மேல். பீரோவில் கிடந்த ஓர் அட்டைக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். பைக் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை ரூ.3,400. மீன்பிடித் தடைக்காலத்தில் வருமானம் இருப்பதில்லை என்பதால் மே, ஜூன் தவணைகளைக் கட்டாமல், ஜூலையில் கடலுக்குப் போனதும் அபராதத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவேன். இரண்டு ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. ஒரு ரூபாய்கூட ஏமாற்றவில்லை. இப்போது மனைவியின் மீன் வியாபாரத்துக்குக் கடன் கேட்டால் என் மதிப்பெண் போதாது என்கிறார்கள். இது நியாயமா?
— வாசகர், காசிமேடு

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கரையில் நிற்க வேண்டும் என்பது அரசின் ஆணை. மீன் இனம் பெருக வேண்டும் என்பதற்காக நீங்கள் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறீர்கள். ஆனால் கடன் நிறுவனத்தின் கணினிக்குத் தடைக்காலம் தெரியாது. அதற்குத் தவணைத் தேதி மட்டுமே தெரியும். மே 5-ஆம் தேதித் தவணை ஜூலை 5 வரை நின்றால் அது 61 நாள் தாமதம். 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன் என்ற வகைக்குள் போய்விடும். நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் அந்த வாசல்படி வரை போய்த் திரும்பி வருகிறீர்கள். அபராதம் கட்டியதால் பாக்கி தீர்ந்ததே தவிர, அந்த மாதக் கட்டங்களில் பதிந்த தாமதம் அழியவில்லை. சிபில் அறிக்கையில் கடைசி 36 மாதங்களின் கட்டங்கள் அப்படியே தெரியும் என்பதால், கடன் அதிகாரியின் கண்ணுக்கு நீங்கள் ஆண்டுதோறும் தவறுபவராகத் தோன்றுகிறீர்கள். அது ஏன் என்று சொல்ல அதில் இடமில்லை.

ஆகவே தடைக்காலத்தை முன்கூட்டியே தவணைக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டு தவணைக்குத் தேவை ரூ.6,800. தொழில் நடக்கும் பத்து மாதங்களில் மாதம் ரூ.680 ஒதுக்கினால் போதும். கடலிலிருந்து திரும்பிப் பங்கு பிரித்த அன்றே இதை எடுத்து வைத்துவிட வேண்டும். வீட்டில் வைத்தால் தங்காது என்றால் வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்றைத் தொடங்கி ஏப்ரலில் முதிர்வடையுமாறு அமையுங்கள். மற்றொரு வழி, ஏப்ரலிலேயே இரண்டு தவணைகளை முன்கூட்டிக் கட்டுவது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில நிறுவனங்கள் கூடுதலாகக் கட்டிய பணத்தை அசலில் கழித்துவிட்டு, மே மாதத் தவணையை வழக்கம்போலக் கேட்கும். 'மே, ஜூன் தவணைகளுக்கான முன்பணம்' என்று எழுத்தில் பெற்றுக்கொண்ட பிறகே கட்டுங்கள்.

புதிய கடன் வாங்கும்போதே உங்கள் தொழிலின் இயல்பைச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. உழவர்களுக்கான கிசான் கடன் அட்டை 2018-19 நிதிநிலை அறிக்கையின் அறிவிப்பையடுத்து மீனவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாதத் தவணை என்ற கட்டாயம் இல்லாமல், வருமானம் வரும் பருவத்தையொட்டித் திருப்பிச் செலுத்தும் வகையில் அமைந்த கடன் அது. உங்களைப் போன்றவர்களுக்கு பைக் கடனின் அச்சில் வார்த்த எந்தக் கடனையும் விட அதுவே பொருந்தும். மீன்வளத் துறை அலுவலகத்திலும் உங்கள் சேமிப்புக் கணக்கு உள்ள வங்கியிலும் கேளுங்கள். சாலையோரத்தில் மீன் விற்பவராக உங்கள் மனைவி மாநகராட்சியின் அடையாள அட்டை பெற்றிருந்தால், பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாத சிறு கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். முதல் கடனைக் காலத்தில் கட்டியவருக்கே அடுத்த பெரிய கடன் என்பது அத்திட்டத்தின் ஏற்பாடு; ஆகவே அதுவும் உங்கள் வீட்டில் ஒரு நல்ல ஏட்டைத் தொடங்கி வைக்கும்.

கேள்வி: எம்.சி. ரோடு அருகே சிறிய ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். கொரோனா காலத்தில் வியாபாரம் படுத்துவிட்டது. தனிநபர் கடனில் ரூ.1,40,000 பாக்கி நின்றபோது, வசூலுக்கு வந்தவர் "எண்பதாயிரம் கட்டுங்கள், கணக்கை முடித்துவிடலாம்" என்றார். நகையை விற்றுக் கட்டினேன். இப்போது பார்த்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று இருக்கிறது. முடித்த கடன் எப்படிக் குற்றமாகும்?
— வாசகர், வண்ணாரப்பேட்டை

பதில்: வசூலுக்கு வந்தவர் 'முடித்துவிடலாம்' என்று சொன்ன சொல்லும் நீங்கள் புரிந்துகொண்ட சொல்லும் வேறு வேறாக இருந்திருக்கின்றன. கடன் ஏட்டில் 'குளோஸ்டு' என்றால் முழுவதும் கட்டி முடித்தது. 'செட்டில்டு' என்றால் கடன் கொடுத்தவர் நட்டத்தை ஏற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்தது. ரூ.60,000 வராமல் போன கணக்கு என்றுதான் அடுத்த வங்கி அதைப் படிக்கும். நகையை விற்று நாணயத்தோடு கட்டியவருக்கு இந்த வேறுபாட்டை அன்றே எவராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது பெரிய அநீதி என்றே நான் கருதுகிறேன். பணியில் இருந்த காலத்தில் இதே கண்ணீரோடு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்த வியாபாரிகள் பலர்.

சரிசெய்ய வழி உண்டு. கடன் கொடுத்த நிறுவனத்துக்குச் சென்று, விட்டுக்கொடுத்த ரூ.60,000-ஐ இப்போது கட்ட விரும்புவதாக எழுதிக் கொடுங்கள். பணத்தைக் கட்டும் முன்பே, 'இத்தொகையைப் பெற்றதும் கணக்கு முழுமையாக முடிந்ததாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிப்போம்' என்ற கடிதம் உங்கள் கைக்கு வர வேண்டும். தொலைபேசியில் சொன்னது செல்லாது. அவர்களுடைய அலுவலக மின்னஞ்சலிலிருந்தோ முத்திரையிட்ட தாளிலோ வர வேண்டும். கூடுதல் வட்டியைத் தள்ளச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம். அசலில் பேரம் பேசினால் மறுபடியும் 'செட்டில்டு' ஆகிவிடும். கடனை, வாராக் கடன்களை வாங்கி வசூலிக்கும் சொத்து மறுசீரமைப்பு நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டார்கள் என்று தெரிந்தால், அந்தக் கடிதத்தைத் தர வேண்டியவர் புதிதாக வாங்கியவரே.

இன்னொன்றையும் பாருங்கள். 2020 மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணைகளை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி இடம் கொடுத்தது. அப்படி ஒத்திவைத்த மாதங்களைத் தவறியதாகக் காட்டக் கூடாது என்பதும் அந்த ஆணையிலேயே உண்டு. ஒத்திவைப்பை நீங்கள் கேட்டுப் பெற்றிருந்தும் அந்த ஆறு மாதக் கட்டங்களில் தாமதம் பதிந்திருந்தால், அதைத் தனியாக எதிர்த்து எழுதலாம்.

எல்லாம் சரியான பிறகும் பழைய தாமதங்கள் உடனே மறைந்துவிடாது. கடன் விவரங்களைக் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அவற்றின் மேல் புதிய மாதங்கள் அடுக்கப்படும்போது பழையவற்றின் கனம் குறையும். செட்டில்மென்ட் என்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடும்பத் தலைவர் இறந்தோ பெருநோய் வந்தோ வழியே இல்லாமல் நிற்கும் வீட்டில், ஏட்டைக் காப்பாற்றுவதை விட மனிதர்களைக் காப்பாற்றுவதே முதல் கடமை. விலை என்ன என்பது தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: ஐ.சி.எப்.பில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். மைத்துனரின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் ஆறு மாதமாகக் கட்டவில்லை. என் மதிப்பெண் பாதிக்குமா?
— வாசகர், பெரம்பூர்

பதில்: பாதிக்கும். ஜாமீன் போட்ட கடன் உங்கள் அறிக்கையிலும் இடம்பெறும். அவர் தவறும் ஒவ்வொரு மாதமும் உங்கள் ஏட்டிலும் தெரியும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம்; முதலில் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்று நீங்கள் வாதிட முடியாது. உறவு கெடக் கூடாது என்று பேசாமல் இருந்தால் கடன் வளரும், உறவும் நிலைக்காது. அவரை அழைத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போங்கள். மீதிக் காலத்தை நீட்டித்துத் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் ஓய்வூதியத்திலிருந்து கட்ட நேர்ந்தால் ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். அத்தொகையை அவரிடமிருந்து திரும்பக் கேட்கும் உரிமை சட்டப்படி உங்களுக்கு உண்டு.

கேள்வி: என் அறிக்கையில் நான் வாங்காத ஒரு நுகர்பொருள் கடன் இருக்கிறது. என் பெயரும் தலைப்பெழுத்தும் கொண்ட வேறு ஒருவர் வாங்கியதாக இருக்கலாம் என்கிறார்கள். இரண்டு மாதமாக நிறுவனத்துக்கும் சிபிலுக்கும் இடையே பந்தாடுகிறார்கள். என்ன செய்வது?
— வாசகர், எண்ணூர்

பதில்: தமிழர்களுக்கு இந்தத் துன்பம் எளிதில் நேர்ந்துவிடுகிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துதான். ஒரே தெருவில் ஒரே தலைப்பெழுத்தும் ஒரே பெயரும் கொண்ட மூவர் இருப்பார்கள். அதுவும் பான் அட்டையில் தந்தை பெயர் விரிவாகவும், ஆதாரில் எழுத்தாகவும், வங்கிக் கணக்கில் பின்னொட்டாகவும் இருந்தால், ஆள் மாறிப் பதிவதற்கு வழி திறந்தே இருக்கிறது. பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரை ஒரே வடிவத்தில் வைப்பது இனிமேலாவது செய்ய வேண்டிய காரியம். அதைவிட முக்கியம், எந்தக் கடன் விண்ணப்பத்திலும் பான் எண்ணைச் சரிபார்க்காமல் கையெழுத்திடாதது.

இப்போது உள்ள பிழைக்கு வருவோம். கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் திருத்த முடியாது. கடன் கொடுத்த நிறுவனம் உறுதி செய்தால்தான் திருத்தும். பந்தாடுவது இதனால்தான். இந்த அலைக்கழிப்புக்கு முடிவு கட்டவே ரிசர்வ் வங்கி ஒரு கெடுவை வைத்தது. நீங்கள் புகார் கொடுத்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் தீர்வு வர வேண்டும். அதற்குள் கடன் நிறுவனம் தன் திருத்தத்தை அனுப்ப 21 நாள்கள். தவறினால் 31-ஆம் நாளிலிருந்து நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு; யாரால் தாமதமோ அவர் தர வேண்டும். 2024 ஏப்ரல் 26 முதல் இது நடப்பில் உள்ளது. இரண்டு மாதம் ஆகிவிட்டது என்கிறீர்களே, முதல் புகாரின் எண்ணும் தேதியும் உங்களிடம் இருந்தால் இழப்பீட்டுக்கு இப்போதே நீங்கள் உரியவர்.

புகார் தொலைபேசியில் மட்டும் நடந்திருந்தால், அதை நடக்காததாகக் கருதி இன்றே எழுத்தில் தொடங்குங்கள். அறிக்கையில் அந்தக் கணக்கு உள்ள பக்கம், பான், பிறந்த தேதிச் சான்று, அந்தக் காலத்து முகவரிச் சான்று ஆகியவற்றை இணைத்து, கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்தில் மறுப்பையும், கடன் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலையும் ஒரே நாளில் அனுப்புங்கள். கடன் ஒப்பந்தத்தின் நகலையும் அதில் உள்ள கையெழுத்தையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஆள் மாறாட்டமாக இருந்தால் பெரும்பாலும் இந்த ஒரு கேள்வியிலேயே விவரம் வெளிவந்துவிடும். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் சரியில்லையென்றாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2022 செப்டம்பர் 1 முதல் கடன் தகவல் நிறுவனங்களும் அவருடைய வரம்புக்குள் வந்துவிட்டன. விளக்கம் கேட்க 14448 என்ற எண் உண்டு. மோசடியாக எவரோ உங்கள் ஆவணங்களைக் கொண்டு வாங்கியிருக்கிறார் என்று தெரிந்தால், தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழைத்துக் காவல் துறையிலும் புகார் பதிவு செய்யுங்கள்.

நானே ஒருமுறை இதில் சிக்கியிருக்கிறேன். வாகனக் கடனை முழுதாகக் கட்டி முடித்த பின்பும் என் அறிக்கையில் பல மாதங்கள் அது நிலுவையில் உள்ள கணக்காகவே நின்றது. கடன் முடிந்த அன்று வாங்கி வைத்த ஒரு தாள்தான் என்னைக் காப்பாற்றியது. அந்தத் தாளை நான் இன்றும் எறியவில்லை.

கேள்வி: ரூ.15,000 கொடுத்தால் முப்பது நாளில் மதிப்பெண்ணை 750 ஆக்கித் தருவதாக மண்ணடியில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?
— வாசகர், பாரிமுனை

பதில்: நம்ப வேண்டாம். பிழை இருந்தால் அதை நீங்களே செலவில்லாமல் திருத்தலாம்; உண்மையான தாமதத்தை எவராலும் அழிக்க முடியாது. இதற்கிடையில் எதை அவர் விற்கிறார்? உங்கள் பான், ஆதார், கைபேசிக்கு வரும் கடவு எண் (ஓ.டி.பி.) எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். அந்தப் பதினைந்தாயிரம் கையில் இருந்தால், உள்ள கடன்களில் தாமதமாகி நிற்கும் ஒன்றைத் தீருங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் பத்துப் பேர். ஆளுக்கு ரூ.40,000 நுண்கடன் வாங்கினோம். ஒருவர் ஊரை விட்டே போய்விட்டார். அவருடைய தவணையை நாங்கள் பங்கு போட்டுக் கட்டாவிட்டால் எங்கள் எல்லோர் பெயரும் கெட்டுவிடும் என்று வசூலுக்கு வருபவர் சொல்கிறார். உண்மையா?
— வாசகி, வியாசர்பாடி

பதில்: கூட்டுப் பொறுப்புக் குழுவில் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருப்பீர்கள், அந்தக் கடமை உண்டு. ஆனால் கடன் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாகவே பதிவாகிறது. உங்கள் தவணையை நீங்கள் தேதியில் கட்டியிருந்தால், உங்கள் ஏட்டில் அது கட்டியதாகவே இருக்க வேண்டும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், பத்துப் பேர் பணத்தையும் மொத்தமாக வாங்கி, குறையும் தொகையை எல்லோர் கணக்கிலும் பரப்பிவிடும்போது. ஆகவே பணத்தைக் குழுத் தலைவியிடம் கொடுத்துவிட்டு எழுந்து போகாமல், உங்கள் கடன் அட்டையில் உங்கள் பெயருக்கு நேராக வரவு வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் அறிக்கையைப் பிள்ளைகளைக் கொண்டாவது எடுத்துப் பாருங்கள்.

ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கான பிணையில்லாத கடன் நுண்கடன் எனப்படும். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்கு வரக் கூடாது. இரவில் வாசலில் வந்து உட்காருபவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள். மிரட்டலைப் பற்றிய புகாரை முதலில் நிறுவனத்துக்கும் பிறகு குறைதீர்ப்பாளருக்கும் அனுப்பலாம்.

அடகுக் கடையிலும் தண்டல்காரரிடமும் வாங்கியதை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் அது எந்த ஏட்டிலும் ஏறாது. வங்கியில் வைத்த நகைக் கடன் ஏறும். ஒரே நகையை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது வட்டியோடு இதையும் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: 22 வயது. முதல் வேலையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. மதிப்பெண் -1 என்று காட்டுகிறது. இது மோசமான மதிப்பெண்ணா? மதிப்பெண் ஏறுவதற்காகவே தவணையில் ஒரு கைபேசி வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள்.
— வாசகர், கொளத்தூர்

பதில்: -1 என்றால் உங்களைப் பற்றி எழுத இன்னும் ஏட்டில் எதுவும் இல்லை என்று பொருள். முதல்முறை கடன் கேட்பவருக்கு வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்தால் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருப்பதையும், குறைந்தபட்ச மதிப்பெண் என்று எதையும் அது விதிக்கவில்லை என்பதையும் நிதித் துறை இணையமைச்சர் 2025-இல் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். உங்கள் வேலையையும் வருமானத்தையும் வங்கி பார்க்கும், அது வேறு.

தேவையில்லாத கைபேசியை மதிப்பெண்ணுக்காக வாங்காதீர்கள். உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கியிலேயே ரூ.20,000 அல்லது ரூ.25,000-க்கு ஒரு நிரந்தர வைப்பு வைத்து, அதன் மேல் கிரெடிட் கார்டு கேளுங்கள். வைப்பு பிணையாக இருப்பதால் வரலாறு இல்லாதவருக்கும் கொடுப்பார்கள். வைப்புக்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். அந்தக் கார்டில் மெட்ரோ கட்டணம், கைபேசி ரீசார்ஜ் போன்று எப்படியும் செய்யும் செலவுகளை மட்டும் செய்யுங்கள். வரம்பு ரூ.20,000 என்றால் எந்த மாதமும் ரூ.6,000-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் நிற்பவரைக் கணக்கு முறை நிதானமானவராகக் கருதும். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று அச்சிட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் தாமதம் பதியாது. ஆனால் மீதித் தொகைக்கும் அதன்பின் வாங்கும் பொருள்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டே போகும். இளைஞர்கள் விழும் குழி அதுதான். முழுத் தொகையும் கடைசித் தேதிக்கு முன்பே கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடன் செயலிகளில் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று நூறு, இருநூறுக்கு நீட்டுவதும் கடனாகவே பதியலாம் என்பதால் அவற்றைத் தொடாதீர்கள். ஆறேழு மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். -1 இருந்த இடத்தில் ஓர் எண் வந்திருக்கும். அது என்னவென்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.